சிறு பிழையும் சீரிய திருத்தமும்

கருவி ஒன்றை ஆக்குவது ஒரு கலை; அதனைப் பிறர் கையாளுமாறு விளக்கி உரைப்பது மற்றொரு கலை. நெசவுத் தறியாயினும் நீர் இறைக்கும் பொறியாயினும், இயக்கும் முறை அறியாதார்க்கு அது வெறும் மரமும் இரும்புமே ஆகும். கணினிக்கும் இவ்வுண்மை பொருந்தும். கணினியை இயக்கும் ஆணைகளின் தொகுதியை மென்பொருள் என்பர். அதனை நிறுவும் முறை, இயக்கும் முறை, இடர் நேர்ந்தபோது நீக்கும் முறை ஆகியவற்றை எடுத்துரைப்பது அதன் கையேடு. கையேடு இல்லாத மென்பொருள் திறவுகோல் இல்லாத பேழை போன்றது. கையேடு இருந்தும் அதன்கண் பிழை மலிந்திருப்பின், அது பல் முறிந்த திறவுகோல் போன்றது, பூட்டினுள் நுழையும், ஆனால் திறவாது.

கையேடுகளில் எழுத்துப் பிழை நேர்வது இயல்பு. அதனைக் கண்டவர் யாது செய்தல் வேண்டும்? சிறு பிழைதானே என்று கடந்து செல்வதா? உரியவர்க்கு உரைப்பதா? தாமே திருத்தி அளிப்பதா? இவ்வினாக்களுக்கு விடை காண்பது, கணினி கற்பார்க்கு மட்டுமன்றிப் பிறரோடு கூடிப் பணி செய்யும் எவர்க்கும் பயன் தருவதாகும்.

திறந்த மூலம்

மென்பொருளை ஆக்குவோர் முதற்கண் எழுதுவது மூல நிரல் எனப்படும். அதனைப் பிறர் காணாதவாறு பூட்டி வைப்பாரும் உளர். யாவரும் காணுமாறு வெளியிடுவாரும் உளர். அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1983ஆம் ஆண்டில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்தவும், அதன் அமைப்பைக் கற்கவும், வேண்டியவாறு மாற்றவும், பிறர்க்கு வழங்கவும் யாவர்க்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் உட்கருவை ஆக்கி உலகிற்கு வெளியிட்டார். இவ்வாறு மூல நிரலை மறைக்காது வழங்கும் முறைக்குத் 'திறந்த மூலம்' என்னும் பெயர் 1998ஆம் ஆண்டில் ஏற்பட்டது.

மென்பொருள் திறந்திருந்தால் மட்டும் போதுமோ? நிரலை ஒருவர் மாற்றியபின், அதன் கையேட்டை மாற்ற உரிமை இல்லையெனில், கையேடு ஒன்று சொல்ல, மென்பொருள் மற்றொன்று செய்யும். ஆதலின் கையேடும் மென்பொருளைப் போன்றே திறந்திருத்தல் வேண்டும் என்று ஸ்டால்மன் வற்புறுத்தினார். கையேடுகளுக்கென்றே தனி உரிமம் ஒன்றைக் குனு திட்டத்தார் 2000ஆம் ஆண்டில் வகுத்தனர்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. அச்சிட்ட நூலில் பிழை நேர்ந்தால், அதன் இறுதியில் 'பிழை திருத்தம்' என்று ஒரு பட்டியல் சேர்ப்பர். அப் பட்டியலும் முன்னரே விற்றுப்போன படிகளைச் சென்று சேர்வதில்லை. திறந்த மூல மென்பொருளின் கையேடோ, இன்று திருத்தினால் இன்றே உலகெங்கும் திருந்தி நிற்கும். மேலும், அங்கே படிப்பவன் வெறும் படிப்பவன் அல்லன். வேண்டுமெனின் திருத்துபவனும் ஆவான்.

ஒரு மாணவனின் இடர்

மாணவன் ஒருவன் மென்பொருள் ஒன்றைத் தன் கணினியில் நிறுவ முற்படுகின்றான் எனக் கொள்க. கையேட்டில் உள்ள ஆணைகளை ஒவ்வொன்றாகத் தட்டெழுதுகின்றான். முதல் நான்கு ஆணைகளும் பழுதின்றி நிறைவேறுகின்றன. 'கான்பிக்' என்னும் பெயருடைய கோப்புறையைத் திறக்குமாறு கூறுவது ஐந்தாம் ஆணை. ஆங்கிலத்தில் அப்பெயரை எழுதுங்கால் 'எப்' என்னும் எழுத்து முன்னும், 'ஐ' என்னும் எழுத்து பின்னும் வருதல் வேண்டும். கையேட்டிலோ அவை முறை மாறி நிற்கின்றன. மாணவன் கையேட்டில் உள்ளவாறே தட்டெழுதுகின்றான். 'அத்தகைய கோப்புறை இல்லை' என்று கணினி மறுமொழி கூறுகின்றது.

தவறு தன்னுடையதே என்று அவன் எண்ணுகின்றான். அறிந்தோர் எழுதிய கையேடு பிழைபடுமோ என்பது அவன் நம்பிக்கை. தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்கின்றான். மும்முறை செய்தும் அதே மறுமொழி வருகின்றது. 'இக்கலை நமக்கு வாராது போலும்' என்று மனம் சோர்கின்றான். மாலைப் பொழுது முழுதும் கழிந்தபின், எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் உண்மை விளங்குகின்றது. எழுத்துகளை முறைப்படுத்தித் தட்டெழுதியவுடன் கோப்புறை திறக்கின்றது.

இப்பொழுது அவன்முன் இரண்டு வழிகள் உள்ளன. தன் காரியம் முடிந்தது என்று மகிழ்ந்து அமைவது ஒரு வழி. தனக்குப் பின் வருவோரின் மாலைப் பொழுதும் அவ்வாறே வீணாகாதவாறு பிழையை உரியவர்க்குத் தெரிவிப்பது மற்றொரு வழி. காலில் தைத்த முள்ளைப் பிடுங்கியவன், அதனைப் பாதையிலேயே போட்டுவிட்டுப் போவது முறையாகுமா? எடுத்து அப்பால் எறிந்துவிட்டுச் செல்வதன்றோ அறிவுடைமை!

பிழை தோன்றும் வகை

கையேட்டை எழுதுவோர் பெரும்பாலும் அம் மென்பொருளை ஆக்கியவரே ஆவர். தாம் கூறக் கருதியது அவர் உள்ளத்தில் தெளிவாக உள்ளது. ஆதலின் எழுதியதை அவர் மீண்டும் படிக்கும்போது, கண் எழுத்தைக் காணாமல் கருத்தையே காண்கின்றது. பழகியவர்களோ கையேட்டைப் பாராமலே ஆணைகளைத் தட்டெழுதுவர். அதிலுள்ள பிழை அவர்களுக்குப் புலப்படுவதே இல்லை. புதிதாக வந்தவன் ஒருவனே கையேட்டை எழுத்தெண்ணிப் படிக்கின்றான். வல்லுநர் பலர் காணாத பிழையை, கற்கத் தொடங்கியவன் காண்பது இதனாலேயே ஆகும். அவனுடைய அறியாமையே அவ்விடத்தில் கூர்மையான கருவியாக அமைகின்றது.

எழுத்துப் பிழையைக் கண்டறியும் நிரல்கள் இல்லையோ எனின், உள்ளன. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்திற்கென 'ஸ்பெல்' என்னும் நிரலின் முதல் வடிவத்தை 1975ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஜான்சன் என்பார் எழுதினார். இக்காலத்தில் 'கோட்ஸ்பெல்' போன்ற நிரல்கள், அடிக்கடி நேரும் பிழைகளின் பட்டியலைக் கொண்டு கையேடுகளையும் நிரல்களையும் சோதிக்கின்றன.

ஆயினும் இந்நிரல்கள் சொல்லைக் காண்பனவே அன்றிப் பொருளைக் காண்பன அல்ல. ஆங்கிலத்தில் 'நாட்' என்பது எதிர்மறைச் சொல். அதன் இறுதி எழுத்து மாறினால் 'இப்பொழுது' என்று பொருள்படும் 'நவ்' என்னும் சொல் ஆகிவிடும். 'இக்கோப்பை அழிக்காதே' என்ற எச்சரிக்கை, 'இக்கோப்பை இப்பொழுது அழி' என்பதுபோல் ஆகிவிடும். இரண்டும் அகராதியில் உள்ள சொற்களே; ஆதலின் சோதனை நிரல் வாளா இருக்கும். அங்கே பிழையைக் காண மனிதக் கண்ணும் மனிதக் கருத்துமே வேண்டும்.

சிறு பிழையின் பெருந் தீங்கு

'எழுத்து ஒன்று மாறினால் என்ன? பொருள்தான் விளங்குகின்றதே!' என்பார் உளர். கதையிலும் கட்டுரையிலும் அது ஓரளவு பொருந்தலாம். கணினியோ கருத்தை உய்த்துணராது. எழுத்தை மட்டுமே கொள்ளும்.

ஆணைகளில் வரும் சிறு கோட்டை எடுத்துக்கொள்க. கையேட்டை அழகுபடுத்தும் சில கருவிகள், அடுத்தடுத்து வரும் இரண்டு சிறு கோடுகளை ஒரு நீண்ட கோடாக மாற்றிவிடும். கண்ணுக்கு அது நன்றாகவே தோன்றும். ஆனால் அவ்வாணையைப் படியெடுத்துக் கணினியில் இட்டால், கணினி அதனை அறியாது மயங்கும்.

இடைவெளி ஒன்றும் கேடு விளைப்பதுண்டு. 2011ஆம் ஆண்டில் பம்பிள்பீ என்னும் திறந்த மூல மென்பொருளை நிறுவும் நிரலில், அழிக்க வேண்டிய கோப்புறையின் முகவரிக்கு நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஒரு முகவரி இரண்டாகப் பிரிந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் பெரும்பாலான நிரல்கள் தங்கியிருக்கும் பெருங் கோப்புறையே முதற் பகுதிக்கு உரிய பொருளாயிற்று. அந்நிரலை இயக்கியவர்களின் கணினிகளில் அக்கோப்புறை முழுதும் அழிந்தது. அது கையேட்டில் நேர்ந்த பிழை அன்று; நிரலில் நேர்ந்தது. ஆயினும், கையேட்டிலுள்ள ஆணையைப் படிப்பவர் அப்படியே கணினிக்கு இடுவதால், அங்கு நேரும் பிழையும் இத்தகைய கேட்டை விளைக்க வல்லது.

தேடுவோர்க்கும் பிழை தடையாகும். பல்லாயிரம் பக்கங்களில் ஒரு சொல்லைத் தேடும் நிரல், சரியாக எழுதப்பட்ட இடங்களை மட்டுமே காட்டும். பிழைபட்ட சொல் நிற்கும் பக்கம் இருந்தும் இல்லாததே ஆகும். லினக்ஸ் உட்கருவைப் பேணுவோர் மிகச் சிறிய திருத்தங்களைத் தொகுப்பதற்கென்றே ஒரு தனி வழியை நெடுங்காலம் வைத்திருந்தனர். அவ்வழியில் ஏற்கத்தக்கவற்றின் பட்டியலில் ஆவணங்களின் எழுத்துப் பிழைத் திருத்தம் முதலில் நின்றது; தேடும் நிரலுக்குத் தப்பிவிடும் எழுத்துப் பிழைகளின் திருத்தம் அடுத்து நின்றது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் படும் துன்பம் தனி. தெரியாத சொல்லை அவர் அகராதியில் தேடுவர். பிழைபட்ட சொல் எந்த அகராதியில் கிடைக்கும்? குறை தம்முடையதே என்று எண்ணி அவர் மயங்குவர்.

நிலைத்துவிட்ட பிழை

பிழையை உரிய காலத்தில் திருத்தாவிடின் யாது நேரும்? இதற்கு ஒரு சிறந்த சான்று உண்டு.

இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்கு ஒருவர் செல்லும்போது, எப்பக்கத்திலிருந்து வந்தார் என்பதை அறிவிக்கும் குறிப்பு ஒன்று உண்டு. பிலிப் ஹாலம் பேக்கர் என்னும் கணினி அறிஞர் அதனை முன்மொழிந்தார். அதற்கு இடப்பட்ட பெயர் 'ரெபரர்' என்பது. முறைப்படி எழுதினால் அச்சொல்லின் நடுவே 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்து இரட்டித்து வருதல் வேண்டும். ஆனால் ஒன்றே எழுதப்பட்டது. அக்காலத்து யூனிக்ஸ் எழுத்துச் சோதனை நிரலோ சரியான வடிவத்தையும் அறியாது. பிழையான வடிவத்தையும் அறியாது.

1996ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த இணைய நெறிமுறை ஆவணத்தில் அப்பிழை அவ்வாறே இடம்பெற்றது. அதற்குள் பற்பல நிரல்கள் பிழையான வடிவத்தையே எதிர்பார்த்து எழுதப்பட்டுவிட்டன. திருத்தினால் அவை யாவும் பழுதுபடும். ஆதலின் பிழையே விதியாயிற்று. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த நெறிமுறை ஆவணமும், எழுத்து பிழைபட்டதே என்று குறிப்புக் காட்டி, பழைய வடிவத்தையே மேற்கொண்டது. அக்குறிப்பைக் கட்டுப்படுத்தப் பின்னாளில் வகுத்த மற்றொரு குறிப்பிற்கோ சரியான எழுத்துகளோடு பெயர் இட்டனர். இன்று நிரல் எழுதுவோர் ஓரிடத்தில் ஓர் 'ஆர்' என்றும், மற்றோரிடத்தில் இரண்டு 'ஆர்' என்றும் நினைவில் வைத்தல் வேண்டியுள்ளது. ஓர் எழுத்தின் குறை உலகெங்கும் உள்ள நிரலாளர்க்கு நீங்காத சுமை ஆயிற்று.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் புதிய கோப்பை உண்டாக்கும் ஆணைக்குக் 'கிரியேட்' என்னும் ஆங்கிலச் சொல்லையே பெயராக இட்டனர். ஆனால் அதன் இறுதியில் நிற்கும் 'இ' என்னும் எழுத்தை விடுத்தனர். அவ்வியங்குதளத்தை மீண்டும் ஆக்குவதாயின் யாதொன்றை மாற்றுவீர் என்று அதனை ஆக்கியோருள் ஒருவராகிய கென் தாம்சனை வினவியபோது, அந்த எழுத்தைச் சேர்ப்பதாக அவர் நகைச்சுவையுடன் விடை கூறினார். லினக்ஸிலும் அப்பெயர் அவ்வாறே நிற்கின்றது.

இளங்கன்றாக இருக்கும்போது கையால் பிடுங்கக்கூடிய முள்மரம், முற்றியபின் கோடரிக்கும் அசைவதில்லை. பிழையின் இயல்பும் அத்தகையது.

தெரிவிக்கும் முறை

பிழையைத் தெரிவிப்பதற்கும் ஒரு முறை உண்டு. 'உங்கள் கையேட்டில் பிழைகள் உள்ளன' என்று மட்டும் எழுதுவது பயன் தராது. எந்தக் கையேடு, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எந்த வரி என்பவற்றைத் தெளிவாகக் குறித்தல் வேண்டும். இப்பொழுது உள்ள வடிவம் யாது, இருக்க வேண்டிய வடிவம் யாது என்பவற்றை அடுத்தடுத்து எழுதுதல் வேண்டும். ஐயம் எழக்கூடிய இடத்தில் காரணத்தை ஒரு வரியில் கூறுதல் நலம்.

அதற்கு முன்னர் ஆராய வேண்டியவை சில. மாணவன் படித்தது பழைய பதிப்பாக இருக்கலாம். புதிய பதிப்பில் அப்பிழை முன்னரே நீங்கியிருக்கலாம். அதே பிழையை வேறொருவர் தெரிவித்தும் இருக்கலாம். இவற்றைப் பாராது எழுதுவது, நிறைந்த குடத்தில் நீர் வார்ப்பது போன்றது.

தெரிவிப்பதோடு நில்லாமல் தாமே திருத்தி அனுப்புவது இன்னும் சிறப்பு. இதற்குப் பெரிதும் துணை செய்வது, 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய 'கிட்' என்னும் கருவியாகும். கையேட்டின் மூலப் படியைத் தம் கணினியில் பெற்று, ஒருவர் திருத்தம் செய்யலாம். எந்த வரி நீங்கியது, எந்த வரி சேர்ந்தது என்பதைக் கிட் எடுத்துக்காட்டும். நீங்கிய வரியின் முன் கழித்தல் குறியும், சேர்ந்த வரியின் முன் கூட்டல் குறியும் நிற்கும். ஆராய்பவர் கையேடு முழுவதையும் படிக்க வேண்டுவதில்லை. அவ்விரு வரிகளை ஒப்பிட்டாலே போதும். திருத்தத்தோடு, யாது செய்யப்பட்டது என்பதைக் கூறும் சிறு குறிப்பு ஒன்றையும் எழுதுதல் மரபு.

லினக்ஸ் உட்கருவிற்குத் திருத்தம் அனுப்புவோர், இதனை அளிக்கும் உரிமை தமக்கு உண்டு என்று உறுதி கூறும் வகையில் தம் பெயரைத் தாங்கிய ஒரு வரியையும் சேர்த்தல் வேண்டும். இவ்வழக்கம் 2004ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஆயிரம் வரி எழுதியவர்க்கும் ஓர் எழுத்தைத் திருத்தியவர்க்கும் விதி ஒன்றே.

ஒரு திருத்தத்தில் ஒரு செயலே இருத்தல் வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்தப் புகுந்தவர், தமக்குப் பிடித்தவாறு வாக்கியங்களையும் மாற்றி அமைப்பாராயின், ஆராய்பவர்க்கு எது பிழை, எது விருப்பம் என்பது விளங்காது.

பிழை எது? காலம் எது?

பிழை போல் தோன்றுவன எல்லாம் பிழை ஆகா. 'கலர்' என்னும் ஆங்கிலச் சொல்லை அமெரிக்கர் ஒருவகையாகவும் ஆங்கிலேயர் மற்றொரு வகையாகவும் எழுதுவர். கையேடு எம்முறையை மேற்கொண்டதோ அம்முறையே அதற்குச் சரியானது. மேலே கூறிய 'ரெபரர்' என்னும் குறிப்பின் பெயரைக் கையேட்டில் 'திருத்தினால்', அத்திருத்தமே பெரும் பிழையாகும். ஆதலின் சொல் எழுதப்பட்ட இடம் விளக்கவுரையா, ஆணையா, பெயரா என்று நோக்கியபின்னரே கை வைத்தல் வேண்டும்.

காலமும் கருதத்தக்கது. திறந்த மூல மென்பொருள்கள் பலவற்றைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் பெயர்த்து வழங்குகின்றனர். இதற்குப் பெரிதும் பயன்படுவது குனு திட்டத்தின் 'கெட்டெக்ஸ்ட்' என்னும் கருவி. மூல வாக்கியத்தில் ஓர் எழுத்து மாறினும், அதன் பெயர்ப்பை ஐயத்திற்கு உரியது என்று அக்கருவி குறித்துவிடும். பெயர்ப்பாளர் மீண்டும் நோக்கி உறுதி செய்யும்வரை, பயன்படுத்துவோர்க்கு ஆங்கில மூலமே தோன்றும். ஆதலின் க்னோம் போன்ற திட்டத்தார், புதிய பதிப்பு வெளிவருவதற்கு முன் குறித்த சில வாரங்கள் மூல வாக்கியங்களை மாற்றலாகாது என்று விதித்துள்ளனர். நல்ல திருத்தமும் காலம் அறிந்து செய்யாவிடில் பிறர் உழைப்பைக் கெடுக்கும் என்பது இதனால் விளங்கும். மூலத்தை வரிவரியாக நோக்கும் பெயர்ப்பாளரே அதன் பிழைகளைக் கண்டு தெரிவிப்பதும் உண்டு.

ஏற்பவர் பண்பு

சொல்பவரின் பணிவு எத்துணை வேண்டுவதோ, கேட்பவரின் பெருந்தன்மையும் அத்துணை வேண்டுவதாகும். 1993ஆம் ஆண்டில் தோன்றிய டெபியன் என்னும் திட்டத்தார், 1997ஆம் ஆண்டில் மக்களுக்கு ஓர் உறுதிமொழி அளித்தனர். குறைகளை மறைப்பதில்லை என்பதும், பிழை அறிக்கைகள் யாவற்றையும் எக்காலத்தும் பொதுமக்கள் காணுமாறு திறந்து வைப்பர் என்பதும் அதன்கண் அடங்கும். தம் குறையைத் தாமே முற்றத்தில் வைக்கும் துணிவு எளிதானதன்று.

இப்பண்பிற்குத் தலைசிறந்த சான்று டொனால்டு குனூத் என்னும் பேரறிஞர். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய இவர், கணினி நிரலாக்கக் கலை பற்றிய பெருநூலின் முதல் தொகுதியை 1968ஆம் ஆண்டில் வெளியிட்டார். தம் நூல்களில் பிழையை முதலில் கண்டு தெரிவிப்பவர்க்கு 2.56 டாலர் பரிசு அளிப்பதை வழக்கமாக்கினார். அத்தொகை ஏன்? 256 காசு என்பது, கணினியாளர் கையாளும் பதினாறின் அடிப்படையிலான எண்முறையில் நூறு என எழுதப்படும். அதனை ஒரு 'டாலர்' எனக் கொண்டார் அவர்! எழுத்துப் பிழையும் அப்பரிசிற்கு உரியதே. அவர் கையொப்பமிட்ட காசோலையைப் பெற்றவர் பலர், அதனைப் பணமாக்காமல் சட்டமிட்டு மாட்டி வைத்துப் போற்றினர். காசோலை மோசடிகள் காரணமாக 2008ஆம் ஆண்டு முதல் அவற்றிற்கு ஈடாகச் சான்றிதழ் வழங்கலானார்.

நூல்களை அழகுற அச்சுக் கோப்பதற்காக அவர் ஆக்கிய 'டெக்' என்னும் மென்பொருளின் மூல நிரலும் யாவர்க்கும் திறந்தே உள்ளது. அம்மென்பொருளை ஆக்குங்கால் தாம் செய்த பிழைகளைப் பட்டியலிட்டு வகைப்படுத்தி, அவற்றைப் பற்றியே 1989ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிழை செய்யாதவர் என்னும் பெயரினும், பிழையை ஒப்புக்கொள்பவர் என்னும் பெயரே அவர்க்குப் பெருமை தந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கியதைச் சொன்னவனை ஆனை சினப்பதில்லை.

கைம்மாறு கருதிய திருத்தம்

நற்செயலும் நோக்கம் பிறழ்ந்தால் தொல்லையாகும். திறந்த மூலப் பணியில் பலரை ஈடுபடுத்தும் பொருட்டு, 'ஹாக்டோபர்பெஸ்ட்' என்னும் நிகழ்ச்சி 2014ஆம் ஆண்டு முதல் அக்டோபர் மாதந்தோறும் நடைபெற்று வந்தது. குறித்த எண்ணிக்கையில் திருத்தங்களை அனுப்புவோர்க்கு மேற்சட்டை ஒன்று பரிசாக வழங்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில், பரிசு ஒன்றையே கருதியவர் பலர் பயனற்ற மாற்றங்களைக் கையேடுகளில் செய்து அனுப்பலாயினர். பிழையில்லாத இடத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தனர். நன்றாக இருந்த வாக்கியத்தை மாற்றினர். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து மறுக்கும் சுமை, ஊதியமின்றி உழைக்கும் பேணுநர்மேல் விழுந்தது. அவர்கள் முறையிட்டமையால், இசைவு தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்புவன மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று அதே மாதத்தில் விதி மாற்றப்பட்டது.

ஒவ்வொரு திருத்தத்திற்கும் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கின்றார் என்பதை மறத்தலாகாது. உண்மையான பிழையைத் திருத்துவது அவர் சுமையைக் குறைக்கும். இல்லாத பிழையைத் திருத்துவது அவர் சுமையைக் கூட்டும்.

முடிவுரை

முன்னர்க் கண்ட மாணவன் இரண்டாம் வழியையே தேர்ந்தான் எனக் கொள்க. இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினான். ஒரு வரிக் குறிப்பு எழுதினான். தயங்கித் தயங்கி அனுப்பினான். கையேட்டைப் பேணுபவர் அதனை நோக்கினார், சரியென்று கண்டார், ஏற்றுக்கொண்டார். கிட் என்னும் கருவியின் வரலாற்றில் அவன் பெயர், அந்நாள், அத்திருத்தம் ஆகியவை பதிந்தன. பெருநிரல் எழுதிய வல்லுநரின் பெயர் நிற்கும் அதே வரிசையில் அவன் பெயரும் நின்றது.

அன்று அவன் பெற்றது பெயர் மட்டும் அன்று. 'இக்கலை நமக்கு வாராது' என்று சோர்ந்தவன், 'இப்பணியில் நமக்கும் பங்கு உண்டு' என்று உணர்ந்தான். ஓர் எழுத்தைத் திருத்த வந்தவர் பின்னர் ஒரு பக்கத்தைத் திருத்தலாம். அதன்பின் நிரலையே எழுதலாம். பெரிய மாளிகைக்குள் புகுவதற்கும் சிறிய வாயிற்படி ஒன்றை முதலில் மிதித்தல் வேண்டுமன்றோ!

அவன் திருத்திய கையேட்டை மறுநாள் எங்கோ ஓர் ஊரில் மற்றொரு மாணவி படிப்பாள். ஐந்தாம் ஆணையைத் தட்டெழுதுவாள். கோப்புறை திறக்கும். அவ்விடத்தில் ஒரு பிழை இருந்தது என்பதையும், அதனை ஒருவன் நீக்கினான் என்பதையும் அவள் அறியாள். அறியாமலே ஆறாம் ஆணைக்குச் செல்வாள். அங்ஙனம் அவள் தடையின்றிச் செல்வதே அத்திருத்தத்தின் பயன்.

வினாக்கள்

1. கையேடும் திறந்திருத்தல் வேண்டும் என்று ஸ்டால்மன் வற்புறுத்தியது ஏன்?
2. வல்லுநர் காணாத பிழையைப் புதியவன் காண்பது எங்ஙனம்?
3. 'ரெபரர்' என்னும் சொல்லின் பிழை நிலைத்துவிட்ட வரலாற்றை எழுதுக.
4. பிழையைத் தெரிவிக்குமுன் ஆராய வேண்டியவை யாவை?
5. 'சொல்பவரின் பணிவும் கேட்பவரின் பெருந்தன்மையும்' என்னும் பொருள் பற்றி ஒரு பத்தி எழுதுக.